உள்பக்கத்துத் தண்ணீர்

"அம்மா, துணி காயவைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கிருவோம். இல்லன்னா எனக்கு இந்த ஜென்மத்துல காவி கிடையாது."

குற்றாலிங்கம் அண்ணாச்சி இதைச் சொன்னபோது அவர் கையில் ஓர் ஈர வேட்டி இருந்தது. ஒன்பது நாளாக அதே வேட்டி, அதே ஈரம்.

மொழியம்மா நிமிர்ந்து பார்த்தார். குழல்வாய்மொழி என்பது முழுப்பெயர். மொழியெல்லாம் பெயரோடு சரி, பேச்சு சிக்கனம். மலையடிவாரத்து மடத்துக்கு அவர்தான் குரு. வயது முப்பத்தெட்டு. சீடர் அண்ணாச்சிக்கு அறுபத்தொன்று.

"நான் என்ன சொன்னேன் அண்ணாச்சி?"

"மடத்துல எட்டுப் பேரு துணியும் இந்தச் சாரல் மாசத்துல ஒரே நாள்ல காயட்டும், மறுநாள் காவி தாரேன்னீங்க."

"மெஷினுன்னு சொன்னனா?"

சொல்லவில்லைதான்.

அண்ணாச்சி ஒன்றும் சும்மா இருக்கவில்லை. மின்சார ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர். துணியை முறுக்கிப் பிழிந்தார், உதறினார், கொடியில் இடம் விட்டுப் போட்டார். மூன்று ஃபேனையும் முழு வேகத்தில் சுற்றவிட்டார். சாரலின் ஈரம் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாதென்று கண்ணாடிச் சன்னல்களை இறுகச் சாத்தி, இடுக்குகளில் சாக்கைத் திணித்தார்.

ஃபேன் இரவும் பகலும் சுற்றியது. மடத்தின் கரண்ட் பில்லும் சுறுசுறுப்பாக ஏறியது. துணி மட்டும் நாறிக்கொண்டு தொங்கியது.

"எல்லாம் என் நேரம்," என்றார் அண்ணாச்சி. "செண்பகராமன் அன்னைக்கு எந்த வாய் முகூர்த்தத்துல சொன்னானோ..."

பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நழுவினார்கள். செண்பகராமன் வந்துவிட்டால் கதை முடிய முக்கால் மணி நேரம் ஆகும். மடத்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

"எம் மக கல்யாணம்மா. மறுவீட்டு விருந்து. பந்தியில முந்நூறு பேரு. தேங்காப்பால் சொதி பரிமாறுதாங்க. ஒரே சைக்கிள்ல எங்கூட ஆபீஸ் வந்தவன், இருபத்தஞ்சு வருஷ சிநேகிதன், அத்தன பேரு முன்னால 'எப்பா, சொதி ஒரே தண்ணி'ங்கான்!"

"எப்ப?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சு. அன்னையில இருந்து பேச்சுவார்த்த கிடையாது."

"இன்னும் காயலையோ?"

"வேட்டியா? எங்க காயுதும்மா!"

மொழியம்மா எழுந்து துணி அறைக்குப் போனார். அண்ணாச்சி பின்னாலேயே ஓடினார்.

கதவைத் திறந்ததும் ஈர வெக்கை முகத்தில் அடித்தது. மொழியம்மா சன்னல் கண்ணாடியில் ஒரு விரலை இழுத்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு நின்றது.

"இது எந்தத் தண்ணி அண்ணாச்சி?"

"சாரல்தாம்மா. எப்படித்தான் வருதோ! இன்னும் ரெண்டு சாக்கு கிடைச்சா..."

"விரலு எந்தப் பக்கம் இருக்கு?"

விரல் உள்பக்கம்தான் இருந்தது.

அந்தச் சொட்டை அண்ணாச்சியின் நெற்றியில், திருநீறு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு மொழியம்மா போய்விட்டார்.

அண்ணாச்சி நின்றார். கண்ணாடியைத் தொட்டார். சுவரைத் தொட்டார். எட்டுப் பேர் துணியின் தண்ணீரும் ஒன்பது நாளாக இதே அறைக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அது தப்பிப் போய்விடாமல் சாக்கு வைத்துக் காவல் காத்தவர் அவரேதான்.

"அட கூறுகெட்ட குற்றாலிங்கம்!" என்று அவரே அவரைத் திட்டிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

சாக்கைப் பிடுங்கி எறிந்தார். எதிரும் புதிருமாக இரண்டு பக்கத்துச் சன்னலையும் திறந்தார். ஃபேனை நிறுத்தினார். கூரையின் இறவாரம் சன்னலுக்கு மேல் நன்றாக இறங்கியிருந்ததால் சாரல் உள்ளே விழவில்லை; காற்று மட்டும் ஒரு சன்னலில் புகுந்து மறு சன்னலில் வெளியேறியது. வேட்டிகள் குதித்தன. ஒரு துண்டு பறந்து வந்து அவர் கன்னத்தில் பளாரென்று அறைந்தது.

சாயங்காலம் எட்டுப் பேர் துணியும் காய்ந்து கிடந்தன. மோந்து பார்த்தார். நாற்றமே இல்லை. சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

'செண்பகராமன் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பான்' என்று நினைத்தார்.

மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் மொழியம்மா புதுக் காவியோடு வந்தார்.

"காஞ்சிருச்சா அண்ணாச்சி?"

"காஞ்சிருச்சும்மா. ஃபேன் ஒரு சுத்துகூடச் சுத்தல."

அம்மா காவியை நீட்டினார். அண்ணாச்சி கை நீட்டவில்லை.

"அது இருக்கட்டும்மா. தென்காசி பஸ் எத்தன மணிக்கு?"

"தென்காசியில யாரு?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார்.

"செண்பகராமன் வீடு அங்கதான். அன்னைக்குச் சொதி தண்ணிதாம்மா. ஆளு கூடிப்போச்சுன்னு நாந்தான் ரெண்டு குடம் ஊத்தச் சொன்னேன்."

மொழியம்மா வாய்விட்டுச் சிரித்ததை மடம் அன்றுதான் கேட்டது.

"எட்டரைக்கு இருக்கு. சன்னலோரமாப் பாத்து உக்காருங்க அண்ணாச்சி."