ஒரே ஒரு ஏழு

சீடருக்கு வயது அறுபத்திரண்டு, குருவுக்கு முப்பத்தாறு. தலைகீழாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள். சீட்டாட்டத்தில் வயதுக்கு மரியாதை கிடையாது.

குரு ஜெசிந்தா, ஒன்பது வருஷம் உல்லாசக் கப்பலில் சீட்டுப் போட்டவள். சீடர் கனகசபாபதி, தூத்துக்குடியில் ஒரு மனமகிழ் மன்றத்தின் உறுப்பினர். அங்கே மாலையில் ஐந்து பேர் புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்து ஒமாஹா என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். மனைவி போன பிறகு மனுஷர் நாலு வார்த்தை பேசுவதே அந்த மேஜையில்தான். நேற்று மற்ற நால்வரும் "இவரோடு இனி முடியாதும்மா" என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். மன்றத்துச் சீட்டு மேஜையை நடத்துகிறவள் ஜெசிந்தா; சேர்ப்பதா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

மூன்று வாரமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"சார், கடைசியா ஒரு தடவை. குவிஞ்ச கொட்டையிலே பாதி உசந்த கைக்கு, பாதி குறைஞ்ச கைக்கு. குறைஞ்ச கைன்னா அஞ்சும் வேற வேற சீட்டு, எதுவும் எட்டைத் தாண்டக் கூடாது. உங்க கையிலே இருக்கிற நாலிலே ரெண்டு, மேஜையிலே இருக்கிற அஞ்சிலே மூணு. ஏஸ்தான் எல்லாத்துக்கும் சின்னது."

"தெரியும்மா, தெரியும்."

அவர் 'தெரியும்' என்றாலே தெரியாது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

சீட்டைப் போட்டாள். மேஜையில் இரண்டு, மூன்று, நான்கு, அப்புறம் இரண்டு ராஜா. கனகசபாபதி தன் சீட்டைக் காட்டினார்: ஏஸ், இரண்டு, ஏழு, ராணி. ஜெசிந்தா தன்னிடமிருந்த ஐந்தையும் ஆறையும் வைத்தாள்.

"ஏஸும் ரெண்டும் என்கிட்ட!" என்று கொட்டையை வாரப் போனார்.

"கையை எடுங்க சார். மேஜையிலேயும் ரெண்டு வந்தாச்சு, உங்க ரெண்டு செத்துப்போச்சு. இனி ஏஸும் ஏழும்தான் உங்களுக்கு. ஏழு, நாலு, மூணு, ரெண்டு, ஏஸ். எனக்கு ஆறு, அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு. இப்ப யாருக்கு?"

"எனக்குத்தான். உன்கிட்ட ஏஸே இல்லையே!"

"அட ஆண்டவரே!" ஜெசிந்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "குறைஞ்ச கையை மேலே இருந்துதான் சார் பார்க்கணும். உங்க பெரிய சீட்டு ஏழு, என்னோடது ஆறு. அங்கேயே தீர்ந்துது கதை. கீழே எவ்வளவு சின்னது வச்சிருந்தாலும் யாரும் பார்க்க மாட்டாங்க."

"இத்தனை சின்னச் சீட்டு இருந்தும், ஒரே ஒரு ஏழுக்காகவா?"

"ஒரே ஒரு ஏழுக்காகத்தான்."

கனகசபாபதிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "சரி, அவங்ககிட்ட என்ன சொல்லப் போறே?"

"ஆட்டம் தெரியலைன்னு யாரும் மேஜையை விட்டு எழுந்து போக மாட்டாங்க சார். நேத்து நாலு பேரும் ஏன் எழுந்து போனாங்க?"

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கென்னம்மா தெரியும்! நான் எவ்வளவு இறங்கி வந்திருக்கேன்! டெபுடி கலெக்டரா இருந்தவன் நான். அவங்களுக்கு டீ வாங்கிட்டு வரேன். உடைஞ்ச பிளாஸ்டிக் நாற்காலியிலே உட்காரறேன். தோத்தாலும் சிரிக்கிறேன். என் மக வயசுப் பொண்ணு உன்கிட்ட பாடம் கேட்கிறேன். இதுக்கு மேலே ஒரு மனுஷன் எவ்வளவு தாழ முடியும், சொல்லு!"

குரல் உடைந்துவிட்டது. ஜெசிந்தா சீட்டுக் கலைப்பதை நிறுத்தினாள். இத்தனை நேரம் இருந்த எரிச்சல் எங்கே போயிற்றோ, பாவமாக இருந்தது.

"அஞ்சு சொன்னீங்க சார். நாலு ரொம்பச் சின்னது. பெரியது எது?"

கனகசபாபதி விரல்விட்டு எண்ணினார். "டெபுடி கலெக்டர்..." என்று முதல் விரலுக்கே திரும்பினார்.

"அவங்களும் மேலே இருந்துதான் சார் பார்க்கிறாங்க."