அரண்மனைச் சுவரின் வெளிப்பக்கம்

செம்பூர்க் கோட்டை இன்றைக்கு இல்லை. அது இருந்த காலத்தில் கண்டபூபதி என்றொரு ராஜா அதை ஆண்டார். நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.

அந்த ஊர்க் கடைத்தெருவில் பூவலிங்கம் என்று ஒருவன் இருந்தான். அடுப்புக் கரியும் காவிக்கல்லும் கையில் இருந்தால் போதும், கண்ட சுவரிலெல்லாம் படம் போடுவான். எடையில் ஏமாற்றும் வியாபாரி தராசில் தொங்கும் குரங்காவார். சுங்கம் வாங்கும் அதிகாரி வாயை மூடவே மூடாத முதலையாவார். ஜனங்கள் கூடி நின்று சிரிப்பார்கள். படத்தில் மாட்டியவர்கள் சுண்ணாம்பு வாளியோடு ஓடி வருவார்கள்.

ஒருநாள் நகர்வலம் வந்த ராஜா அந்த முதலையைப் பார்த்துவிட்டார். பல்லக்குத் தூக்கிகள் தடுமாறும்படி சிரித்தார். அன்றைக்கே பூவலிங்கம் ஆஸ்தான ஓவியனானான்.

அப்புறம் என்ன? கரி போய்த் தங்கத் தகடு ஒட்டிய பலகை வந்தது. இடுப்பில் பட்டு ஏறியது. பாளையக்காரர்கள் தங்கள் முகத்தை எழுதித் தரச் சொல்லி வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. நம்ம பயல் மேலே போய்விட்டான் என்று பாதிப் பேர் பூரித்தார்கள். விலை போய்விட்டான் என்று மீதிப் பேர் காறித் துப்பினார்கள். அரண்மனைக்குள்ளோ பழைய ஓவியர்கள் அவனோடு பந்தியில் உட்கார மாட்டோம் என்றார்கள். கரிக்கட்டைக்கும் கலைக்கும் என்ன உறவு என்பது அவர்கள் கட்சி.

இவர்கள் எல்லோரையும்விட அவனைக் கண்டு பயந்தவர் வேங்கடராய பிரதானி. முதல் மந்திரி அவர்தான். நெற்களஞ்சியத்தின் சாவியும் அவர் இடுப்பில்தான். அரண்மனை ஓவியன் தெருவில் கிறுக்கினால் அரசருக்குத்தான் இழுக்கு என்று அவர் பக்குவமாக ஓதினார். ராஜாவும் ஆணையிட்டார். இனிப் பூவலிங்கம் அரண்மனைச் சுவரில் மட்டுமே வரையலாம். தெருச் சுவரைத் தொட்டால் வலது கைக் கட்டைவிரல் போகும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏழைகளுக்குக் களஞ்சியத்து நெல்லைக் கொடுக்கச் சொல்லி ராஜா உத்தரவிட்டிருந்தார். ஒருநாள் பூவலிங்கம் கடைத்தெருப் பக்கம் போனபோது, மீன்காரி சிட்டாயி அவனை வழிமறித்துத் தன் உள்ளங்கையை விரித்தாள். அதில் இருந்தது அத்தனையும் பதர்.

"ராஜா குடுத்த நெல்லாம் இது. ஊதினா பறக்குது. பழைய பூவலிங்கமா இருந்தா இந்நேரம் சுவத்துல ஏத்தியிருப்பான். உனக்கு எதுக்குப்பா, பட்டு அழுக்காயிடும்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பூவலிங்கம் நேரே தில்லைக்கூத்தரிடம் போனான். அவர் ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அடைப்பக்காரர். எப்போதும் ராஜாவின் அருகிலேயே இருப்பவர். அவர் வாய்க்கு மந்திரிகளே அஞ்சுவார்கள். பூவலிங்கம் பதரையும் சொன்னான், கட்டைவிரலையும் சொன்னான்.

தில்லைக்கூத்தர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்: "தம்பி, ஒரு சுவருக்கு எத்தனை பக்கம்?"

"ரெண்டு பக்கம், ஐயா."

"அரண்மனைச் சுவரில் எந்தப் பக்கம் வரையலாம் என்று ஆணையில் இருக்கிறது?"

பூவலிங்கம் கரி தேடி மடைப்பள்ளிக்குப் போனான்.

மறுநாள் விடிந்தபோது கடைத்தெருவைப் பார்த்த அரண்மனை மதிலில் ஒரு படம் இருந்தது. பெரிய யானை ஒன்று தூங்குகிறது. அதன் முதுகுக்குப் பின்னால் களஞ்சியம். உள்ளே ஒரு கொழுத்த பெருச்சாளி நெல்லைத் தின்றுவிட்டு, வெளியே ஏழைகள் நீட்டிய கைகளில் பதரைத் துப்புகிறது. ஊரே திரண்டு சிரித்தது. சிட்டாயி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சூரியன் ஏறுவதற்குள் பூவலிங்கத்தைச் சபையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் பிரதானி. தெருவில் வரைந்தான், ஆணையை மீறினான், விரலை வெட்ட வேண்டும் என்றார். பூவலிங்கம் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டான்.

தில்லைக்கூத்தர் மெல்ல முன்னே வந்து, அது யாருடைய சுவர் என்று கேட்டார். தெருவைப் பார்த்த சுவர் தெருச் சுவர்தான் என்றார் பிரதானி.

"போன மாதம் அதே சுவரில் வறட்டி தட்டிய பால்காரிக்குத் தாங்கள்தானே தண்டம் போட்டீர்கள், அரண்மனைச் சுவரை அசிங்கப்படுத்தினாள் என்று? வறட்டிக்கு அரண்மனைச் சுவர், படத்துக்குத் தெருச் சுவரா?"

ராஜாவின் மீசை லேசாக ஆடியது. பிரதானிக்குப் பொறுமை போய்விட்டது.

"சுவர் யாருடையதாகவும் இருக்கட்டும். என்னைப் பெருச்சாளியாக வரைந்திருக்கிறானே, அதற்கு என்ன தண்டனை?"

"தங்களையா?" என்றார் தில்லைக்கூத்தர். "நான் வெறும் பெருச்சாளி என்றல்லவா நினைத்தேன். பூவலிங்கம், நீ பிரதானியாரையா வரைந்தாய்?"

"இல்லை ஐயா. நெல் திருடித் தின்கிற பெருச்சாளியைத்தான் வரைந்தேன்."

"வரைந்தவனுக்கே தெரியாத ஆளைப் பிரதானியார் எப்படிக் கண்டுபிடித்தார், மகாராஜா?"

ராஜா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். பிரதானியைப் பார்த்துக் கையை நீட்டினார். பிரதானி களஞ்சியச் சாவியை அவிழ்த்து அந்தக் கையில் வைத்தார்.

அதோடு முடிந்தது என்று பூவலிங்கம் மூச்சு விட்டான். காலையிலேயே படத்தைப் போய்ப் பார்த்திருந்த ராஜா அவன் பக்கம் திரும்பினார்.

"அது இருக்கட்டும். அந்தத் தூங்குகிற யானை யார்?"

பூவலிங்கம் மறுபடியும் கட்டைவிரலை மடக்கிக்கொண்டான். தில்லைக்கூத்தர் நிதானமாக இன்னொரு வெற்றிலையை மடித்து நீட்டினார்.

"யாரோ தெரியாது, மகாராஜா. தாங்கள் இல்லை என்பது மட்டும் நிச்சயம். அந்த யானை இன்னும் தூங்குகிறது. தாங்கள்தான் இப்போது விழித்துக்கொண்டீர்களே."

ராஜா சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த புலவரின் வெள்ளை வேட்டி சிவந்துபோனது. தில்லைக்கூத்தருக்குத் தன் கைக் காப்பைக் கழற்றிக் கொடுத்தார். மதிலின் வெளிப்பக்கம் முழுவதையும் பூவலிங்கத்துக்கே விட்டுக்கொடுத்தார்.

ஊர் மட்டும் ஒன்று சேரவில்லை. ராஜாவே கொடுத்த சுவரில் ராஜாவைக் கிண்டல் செய்வதில் என்ன வீரம் என்று ஒரு கூட்டம் புதிதாகக் குறை சொல்லக் கிளம்பியது. பூவலிங்கம் மறுநாள் அவர்களையும் வரைந்தான்.