அங்காயி மறந்த முடிச்சு

ஒரு ஊரில், ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம், அங்காயி என்று ஒரு பொம்பளை இருந்தாளாம். அவள் வாயைத் திறந்தால் சந்தையே கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். கத்தரிக்காய்க்காரன் ஒரு விலை சொன்னால் இவள் பாதியில் ஆரம்பிப்பாள், அதற்கும் கீழே இறங்குவாள், அப்புறம் கொசுறுக்கு ஒரு கொத்து கறிவேப்பிலையும் பிடுங்கிக்கொண்டுதான் நகருவாள். அவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு குறை. மறதி.

சாதாரண மறதி இல்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு சந்தைக்குப் போய்விடுவாள். செருப்பை நெல் குதிருக்குள் போட்டுவிட்டு வெறுங்காலோடு தெருவெல்லாம் தேடுவாள். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு மறுநாள் போய், "பந்தலை யாருடா பிரிச்சது?" என்று சண்டை போட்டவள்.

சிரிக்காதீங்க. நேத்து பம்பரத்தை எங்கே வச்சீங்க, சொல்லுங்க பார்ப்போம்? ம்... வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க.

அதனால் அங்காயி என்ன செய்வாளாம், ஞாபகம் வைக்க வேண்டியதற்கெல்லாம் முந்தானையில் ஒரு முடிச்சு போடுவாள். உப்பு வாங்க ஒரு முடிச்சு, கோயிலுக்கு எண்ணெய் ஊற்ற ஒரு முடிச்சு. சேலை துவைக்கும்போது முடிச்சை அவிழ்த்துவிடுவாள், அதோடு எல்லாம் போச்சு.

அவளிடம் கொம்பி என்று ஒரு எருமை இருந்தது. நல்ல கறவை, அப்போது சினையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, மூன்று ஊர் தள்ளிக் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பேறுகாலம். எருமையை யார் பார்த்துக்கொள்வது? பக்கத்து வீட்டு வீரணனிடம் வாரத்துக்கு விட்டாள். வாரம் என்றால் என்ன? மாடு என்னுது, வளர்க்கிறது நீ. பால் உனக்கு, கன்று எனக்கு. அவ்வளவுதான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டை விற்றாலும் சரி, தானமாகக் கொடுத்தாலும் சரி, பழைய கயிறு கூடப் போகாது. கொடுக்கிறவள் அவிழ்த்து எடுத்துக்கொள்வாள், வாங்குகிறவன் புதுக்கயிறு போட்டு ஓட்டிப்போவான். வாரத்துக்கு விட்டால் மட்டும் பழைய கயிற்றோடு போகும். ஏன்? மாடு இன்னும் அந்த வீட்டு மாடுதானே.

கொம்பியின் கயிறு அங்காயி தன் கையால் கற்றாழை நாரில் திரித்தது. வீரணன் தொழுவத்தைக் கூட்டப் போன நேரத்தில் அவள் என்ன செய்தாள், தன் சிவப்புக் கண்டாங்கிச் சேலை முந்தானை ஓரத்தில் ஒரு பட்டை கிழித்தாள். அதில் மூன்று முடிச்சு போட்டாள். கயிற்றின் புரியை விரித்து, உள்ளே வைத்துத் திரித்து மூடினாள். வெளியே ஒன்றும் தெரியாது.

இதை நீங்க நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. ஏன்னா அவ மறந்துடுவா.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அங்காயி பேத்தியைத் தூக்கி, "என் கொம்பி போடுற கன்னு உனக்குத்தான்டி ராசாத்தி" என்றாள். மகளின் மாமியார் பக்கத்தில் இருந்தவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு, "கன்னா? சம்பந்தியம்மா ஊர் போய்ச் சேருறதுக்குள்ள பேத்தி பிறந்ததையே மறந்துடுவாங்க" என்றாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அது அங்காயிக்குச் சுருக்கென்று தைத்தது. "மூணாம் மாசம் முடியறதுக்குள்ள கன்னோட வந்து நிக்கலேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம் பிள்ளையைக் குளிப்பாட்டி, மகளுக்குப் பத்தியம் பார்த்து, மூன்றாம் மாசம் ஊருக்கு வந்தாள். நேரே வீரணன் வீட்டுக்குப் போனாள்.

"வீரணா, கொம்பியை அவுத்து விடு. கன்னு எங்கே?"

"எந்தக் கொம்பி அக்கா? இது என் எருமையில்ல?"

"என்னடா உளர்ற?"

"போகும்போது நீதானே, 'நீ எனக்குத் தம்பி மாதிரி, இந்தா வச்சுக்கோ'ன்னு தானமாக் குடுத்த? குடுத்ததும் நீதான் அக்கா, மறந்ததும் நீதான்."

அங்காயி எருமையைப் பார்த்தாள். பக்கத்திலேயே கன்று. எருமை கழுத்தில் புதுத் தேங்காய்நார்க் கயிறு. முந்தானையைப் பார்த்தாள். ஒரு முடிச்சும் இல்லை. அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை கொடுத்துவிட்டேனோ?

சாட்சிக்கு எண்ணெய் விற்கிற வாணியச்சியிடம் போனாள். "உலையை வச்சுட்டு சந்தைக்குப் போனவ, உன்னை நம்பி நான் எப்படி ஆத்தா சாட்சி சொல்லுவேன்?" குயவனிடம் போனாள். "குதிருக்குள்ள செருப்பைப் போட்டவ, உன்னை நம்பி நான் எப்படி ஆத்தா சாட்சி சொல்லுவேன்?" தம்பியிடமே போனாள். அவன் வாயைத் திறக்கும் முன்னாடியே, "தெரியும்டா, உன் கல்யாணம்தானே!" என்று கத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

அப்புறம் உடுத்தியிருந்த சிவப்புக் கண்டாங்கியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ராஜாவிடம் போனாள். வீரணனும் வந்தான். வெறுங்கையோடு வரவில்லை, தலையில் ஒரு கட்டுக் கரும்பு. அந்த ராஜாவுக்குக் கரும்பு என்றால் உயிர். கட்டிலிருந்து ஒன்றை உருவித் தோகையை உரித்து, கடித்துக்கொண்டே வழக்குக் கேட்டார். சாறு தாடியில் வழிகிறது.

வீரணன் வழவழவென்று பேசினான். "மகாராஜா, ஊரைக் கேளுங்க. இந்த அக்காவுக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. குடுத்ததும் இவங்கதான், மறந்ததும் இவங்கதான்."

மந்திரி கேட்டார். "தானம்னா பழைய கயிறை அவங்க அவுத்திருக்கணுமே. கயிறு எங்கே?"

"அவங்களே அவுத்துக் கையோட கொண்டுபோயிட்டாங்க, மந்திரி ஐயா. அன்னைக்கோட சரி, அந்தக் கயிறை நான் கண்ணால பார்க்கல."

"ஏம்மா, கயிறு உன்கிட்ட இருக்கா?" என்றார் ராஜா.

அங்காயி முந்தானையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். "ஞாபகம் இல்லை, மகாராஜா."

சபையே சிரித்தது. சிரிக்கட்டும், சிரிக்கிறவன் வீட்டிலும் ஆயிரம் மறதி இருக்கும். வீரணன் மட்டும் சிரிக்காமல் தலையை ஆட்டி ஆட்டி, "பாருங்க, குடுத்ததும் இவங்கதான்..." என்று மறுபடியும் ஆரம்பித்தான்.

ராஜாவுக்குக் கையிலிருந்த கரும்பு தீர்ந்துவிட்டது. "கட்டைப் பிரிங்கடா" என்றார். காவலாள் வந்து முடிச்சைப் பிடித்து இழுத்தான், அது வரவில்லை. இன்னும் இழுத்தான், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவை இழுத்தான், படக்கென்று அவிழ்ந்து கயிறு தரையில் விழுந்தது. இழுத்த இழுப்பில் ஒரு இடத்தில் புரி விரிந்து, உள்ளே துளியூண்டு சிவப்பு எட்டிப் பார்த்தது.

என்ன சிவப்பு? ஆங்... உங்களுக்கு ஞாபகம் இருக்கு இல்ல? அங்காயிக்கும் வந்துவிட்டது! தொழுவம், துடைப்பச் சத்தம், கிழித்த முந்தானை, எல்லாம் மடை திறந்த மாதிரி வந்துவிட்டது.

"யாரும் கயிறைத் தொடாதீங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். கரும்பை எடுக்க நீண்ட ராஜாவின் கை அந்தரத்தில் நின்றது.

"மகாராஜா, நான் இங்கேயே நின்னு சொல்றேன், நீங்க பாருங்க. கற்றாழை நார், மூணு புரி. கழுத்து முனையில இருந்து ஒரு சாண் தள்ளி, புரிக்குள்ள என் சேலைத் துணி. அதுல மூணு முடிச்சு. முதல் முடிச்சு, எருமை என்னுது. ரெண்டாவது முடிச்சு, பால் அவனுது. மூணாவது முடிச்சு, கன்னு என்னுது!"

மந்திரி கயிற்றை எடுத்தார். கற்றாழை நார். எண்ணினார், மூன்று புரி. சாண் வைத்து அளந்து பிரித்தார், சிவப்புத் துணி, மூன்று முடிச்சு. துணியை அவள் முந்தானையில் கிழிந்த இடத்தில் வைத்தார், பல்லுக்குப் பல் பொருந்தியது.

"கண்ணால பார்க்கலேன்னு சொன்ன கயிறு உன் கரும்புக் கட்டுக்கு எப்படிப்பா வந்துச்சு?"

வீரணனுக்கு வேர்த்து ஊற்றியது. "அது... இப்பதான் ஞாபகம் வருது ஐயா... கயிறோடவே குடுத்தாங்க!"

"கயிறோட குடுத்தா அது தானமா, வாரமா?"

வீரணன் உதட்டுக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமாச் சொல்லு."

"வாரம்" என்றான், கொசு பேசுகிற மாதிரி.

"ஏண்டா, திருடினவன் அந்தக் கயிறை எரிச்சுத் தொலைச்சிருக்கலாமே?" என்று ராஜாவே கேட்டுவிட்டார்.

"நல்ல கயிறு மகாராஜா... தூக்கிப் போட மனசு வரல. கையில கிடைச்சதை எடுத்துக் கட்டிட்டேன்."

அங்காயி அவன் முன்னால் போய் நின்றாள். "அவுத்ததும் நீதான், கட்டினதும் நீதான், மறந்ததும் நீதான்டா!"

இப்போது சபை மறுபடி சிரித்தது. ஆனால் யாரைப் பார்த்து?

"எருமையை ஓட்டிட்டுப் போம்மா" என்றார் ராஜா.

அங்காயி நகரவில்லை. "கன்னு?"

"கன்னும்தான்."

"கழுத்துல கிடக்கிற புதுக்கயிறு?"

"அதையும் வச்சுக்கோ. இத்தனை நாள் கறந்த பாலையும் கேட்பியா?"

"அது எப்படிக் கேட்பேன்? பால் அவனுக்குன்னு பேசினது. பேசினது பேசினதுதான், ஒரு சொட்டு கேட்க மாட்டேன். ஆனா ஊர் முன்னாடி என்னைப் பைத்தியக்காரி ஆக்கினானே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

ராஜா கரும்பை மெல்வதை நிறுத்திவிட்டு யோசித்தார். "நீயே சொல்லு."

"ஒரு வருஷத்துக்கு ஊர்க்காரங்க மறக்கக் கூடாததை எல்லாம் இவன் துண்டுல முடிச்சுப் போடுவாங்க. அன்னன்னைக்கு வாசலுக்கு வாசல் போய் இவன் ஞாபகப்படுத்தணும். ஒண்ணு விட்டாலும், மறுபடி முதல்ல இருந்து ஒரு வருஷம்."

அப்படியே ஆச்சு. வாணியச்சி ஒரு முடிச்சு, குயவன் ஒரு முடிச்சு, தம்பி ஒரு முடிச்சு. பத்தே நாளில் வீரணன் துண்டு கோணல்மாணலாகச் சுருண்டுவிட, அவன் "அக்கா, உலை கொதிக்குது! அண்ணே, சூளையைப் பாரு!" என்று தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருந்தானாம்.

அங்காயி தன் வீட்டுப் படிகூட ஏறவில்லை. வீரணன் தொழுவத்திலிருந்து கொம்பியையும் கன்றையும் அவிழ்த்துக்கொண்டு, பழைய கயிறு தோளில் தொங்க, நேரே மகள் வீட்டுக்கு நடந்தாள். மூன்றாம் மாசம் முடிய இன்னும் ஒரு நாள் பாக்கி. வாசலில் கன்றைப் பார்த்ததும் மாமியாருக்குத் திறந்த வாய் மூடவில்லை. மகள் நிமிர்ந்து நின்று சிரித்தாள்.

அங்காயி பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். "ஏண்டி, பிள்ளைக்கு என்ன பேருடி வச்சோம்?"

"அங்காயிதான்மா! உன் பேருதான்!"

"அட, ஆமா!" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்து ஒரு முடிச்சு போட்டாளாம்.

எருமை வீடு சேர்ந்தது, கன்று பிள்ளையிடம் சேர்ந்தது, கதை உங்களிடம் சேர்ந்தது. மறக்கிறவளை ஏமாற்றலாம் என்று நினைக்கிறவன் தானும் ஒன்றை மறப்பான். இதை எங்கேயாவது முடிச்சுப் போட்டு வச்சுக்கோங்க.