மரண அளவு

ஒரு தடய அறிவியல் கூடத்தின் குளிர்பெட்டிக்குள் இரண்டு ரத்தச் சீசாக்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே மனிதரின் ரத்தம்தான். சவரிமுத்து என்று பெயர், புற்றுநோயில் கிடந்து செத்துப்போனவர். சாவில் சந்தேகம் என்று பிரேதப் பரிசோதனை செய்தபோது, ஒன்றை அவருடைய இதயத்திலிருந்து எடுத்திருந்தார்கள், மற்றதைத் தொடையிலிருந்து.

இதயச்சீசாவின் மேல் வெறுமனே ‘ரத்தம்’ என்று ஒட்டியிருந்தது. எங்கிருந்து எடுத்தது என்று எழுத, எடுத்தவருக்குக் கை வலித்துவிட்டது போலும். அந்தச் சீசா முன்னால் நின்றதால், கூடத்து ஆய்வாளர் செண்பகவல்லி அதையே பரிசோதித்தார். மார்ஃபின் என்ற வலிமருந்து அதில் ஏகத்துக்கு இருந்தது. அவர் அந்த அளவின் எண்ணைப் போனில் சொன்ன கையோடு, இன்ஸ்பெக்டர் துரைப்பாண்டி சவரிமுத்துவின் மகள் ஜெசிந்தாவைப் பிடித்து உள்ளே போட்டார். மருந்தைக் கூட்டிக் கொடுத்து அப்பனைக் கொன்றுவிட்டாளாம்!

சேதி தெரிந்ததும் தொடைச்சீசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உனக்கு வெட்கமாயில்லை?” என்று இதயச்சீசாவிடம் பாய்ந்தது. “அவர் உயிரோடு இருந்தபோது இவ்வளவா உன்னிடம் இருந்தது? மூச்சு நின்ற பிறகு ஈரலிலும் நுரையீரலிலும் இருந்து கசிந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, அவள் கொடுத்தது என்கிறாயே!”

“நான் என்ன செய்ய? பக்கத்தில் இருந்தேன், வந்து சேர்ந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.”

“கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பாயா? ஒரு பெண் கம்பிக்குப் பின்னால் இருக்கிறாள்!”

மறுநாள் குளிர்பெட்டியைத் திறந்தபோது, கோபத்தில் நடுங்கிக்கொண்டிருந்த தொடைச்சீசா உருண்டு விளிம்புக்கே வந்துவிட்டது. செண்பகவல்லி பதறிப் பிடித்தார்.

“ஐயையோ, தொடை ரத்தம் ஒண்ணு இருந்துச்சா! செத்த பெறகும் அதிகம் மாறாதது இதுதானே, இத விட்டுட்டு அதப் போயி பாத்திருக்கேனே.”

உடனே பரிசோதித்தார். எண் பாதியாக வந்தது.

சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை சிரித்தது. அதன் தலைப்பு ‘மரண அளவு’. “பாதியானாலும் என் கோட்டுக்கு மேலேதான். கோட்டைத் தாண்டியவன் செத்தான், தாண்ட வைத்தவள் கொன்றாள். இதில் பேச என்ன இருக்கிறது?”

சீசாவுக்குள் இருந்த மார்ஃபினுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “உன் கோட்டை யாரை வைத்துப் போட்டார்கள்?”

“பழக்கமில்லாமல் உன்னை முதல்முதலாக எடுத்துச் செத்தவர்களை வைத்து.”

“நான் சவரிமுத்து வீட்டில் மாதக்கணக்கில் இருந்து, அவர் உடம்புக்குப் பழகிப்போனவன். அவருடைய வலி முரட்டு வலி. இன்றைக்குக் கொடுத்தது நாளைக்குக் காணாது. டாக்டரே ஏற்றி ஏற்றிக் கொடுக்கச் சொன்னார். உன் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடித்தார், தெரியுமா?”

“அதற்குச் சாட்சி?”

“வலிதான் சாட்சி. அது அவரோடேயே செத்துப்போனது.”

இவர்கள் போட்ட சண்டை மனிதர் காதில் விழாது. ஆனாலும் ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் வந்தது செண்பகவல்லியை உறுத்தியது. இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார்.

“சார், அவரு இந்த மருந்த எவ்வளவு நாளா எடுத்துக்கிட்டிருந்தாரு?”

“ஏழெட்டு மாசமாம் மேடம். டாக்டர்தான் கூட்டிக் கொடுக்கச் சொன்னாருன்னு அந்தப் பொண்ணு அழுதுச்சு. நான் கண்டுக்கல. நீங்கதான் நம்பர் சொல்லிட்டீங்களே!”

செண்பகவல்லிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

“நான் அவசரப்பட்டுட்டேன் சார். இந்த நம்பர மட்டும் வெச்சு கொலைன்னு சொல்லவே முடியாது. அப்படித்தான் எழுதித் தரப்போறேன். அந்தப் பொண்ண வெளிய விடுங்க.”

சாயங்காலம் ஜெசிந்தாவை விட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அப்பாவை அடக்கம் செய்தபோது அவள் லாக்கப்பில் இருந்தாள்.

“சரி, விட்டுவிட்டார்களே. இன்னும் ஏன் கொதிக்கிறாய்?” என்றது அட்டவணை.

மார்ஃபின் சொன்னது: “கொன்றது யார் என்று ஊரே கேட்டது. ‘வலிக்குதாப்பா?’ என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளைத்தானே பிடித்துப் போட்டீர்கள்!”