பதினோரு தோசை

கோவையில் ஒரு கம்பெனி கேன்டீன். மாடியிலிருந்து இரண்டு சாப்பாடு, கீழிருந்து இரண்டு சாப்பாடு கேட்டார்கள். கூட்டிச் சொல்லும் ஆப் இருபத்திரண்டு என்றது. சமையல்காரர் மாசிலாமணியும் அப்படியே சமைத்துவிட்டார்.

"நான் எழுதின ஆப் தப்பாது. டைப்ஸ்கிரிப்ட்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில 'இது எண்'ணுன்னே எழுதியிருக்கேன். தப்பு உன்னுது, நாளைக்கு வராதே," என்றார் மேனேஜர் ஹரிநிவாஸ்.

"சரிங்க. கடைசியா உங்களுக்குத் தோசை சுட்டுத் தந்துட்டுப் போறேனுங்க. மாடிக்கு ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு ஆர்டர் போடுங்க."

போட்டார். பதினோரு தோசை வந்தது.

"எதுக்குய்யா இத்தனை?"

"ஆப் சொல்லுச்சுங்க. அதுதான் தப்பாதே, சாப்பிடுங்க."

நான்காவது தோசையில் ஹரிநிவாஸ் லேப்டாப்பைத் திறந்தார். மாடியின் 1 எண்ணாக வராமல் எழுத்தாக வந்து, கீழேயிருந்து வந்த 1-ஓடு கூடாமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு 11 ஆகியிருந்தது. எண் என்று எழுதிவைத்தவர், ஆப் ஓடும்போது வருவது எண்தானா என்று சோதிக்கவே இல்லை.

"நாளைக்கு வந்துடு," என்று முணுமுணுத்தார்.

"வர்றேனுங்க. அதைச் சரிபண்ற வரைக்கும், எத்தனை பேருன்னு வாயாலயே சொல்லிடுங்க."