ஓட்டைக் குடமும் இருளாயி சேவலும்

ரொம்ப காலத்துக்கு முன்னாடி கொன்றையூர்ச் சீமையை மாறவேல்னு ஒரு ராஜா ஆண்டாரு. மனசு இளகுனா கைமோதிரத்தைக் கழட்டிக் குடுத்துருவாரு. மறுநாளு, "மோதிரம் எங்கடா"ன்னு அரண்மனையையே கவுத்துப் போட்டுத் தேடுவாரு.

அந்த ஊர்ல ஏரித் தலைவரை ஊரே கூடிப் பொறுக்கி எடுக்கும். நிக்கிற ஆளுக்கு ஒரு குடம். யாரு வேணுமோ அவரு குடத்துல ஒரு புளியங்கொட்டை போட்டுட்டுப் போகணும். அந்த வருசம் வலை பின்னுற வீரணன் ஜெயிச்சாரு. ராஜாவுக்குப் பக்கத்துலயே உக்காருற பூவராகர் தோத்தாரு.

தோத்த மனுசன் சும்மா இருப்பாரா? குடத்தைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டுத் தெருத்தெருவாப் போனாரு. மூக்கால அழுவாரு பாருங்க: "தாய்மாருங்களே... என் குடத்துல ஓட்டைங்க... நீங்க போட்ட கொட்டையெல்லாம் ஒழுகிப் போச்சுங்க... வழக்குப் போடணும், கையில காசில்லீங்க..."

சனங்க பாவம், இளகுன மனசு. காசு போட்டாங்க, கம்புத் தானியம் போட்டாங்க. ஓட்டை எங்கன்னு யாரும் குனிஞ்சு பாக்கலை. அழுகை அப்படி. நம்ம ராஜாவும் மோதிரத்தைப் போட்டாரு.

மாசம் ஓடிருச்சு. ஒரு நாளு இருளாயின்னு ஒரு பொம்பள, கக்கத்துல சேவலோட அரசவைக்கு வந்தா.

"சாமி, விதைக்கு வெச்சிருந்த கம்பு மொத்தத்தையும் வழக்குக்குக் குடுத்துட்டேன். மழை இறங்கிருச்சு, விதைக்க ஒண்ணுமில்ல. வழக்கு என்னாச்சு? இன்னும் பத்தலைன்னா இந்தச் சேவலையும் எடுத்துக்கங்க."

ராஜா திரும்புனாரு. "என்னய்யா பூவராகரே, வழக்கு எங்கே?"

"தயாராகிட்டே இருக்கு பிரபு. இன்னும் ரெண்டு தெரு பாக்கி."

மந்திரி சேந்தன் எந்திரிச்சாரு. "பாவம், நானும் ஏதாச்சும் போடுறேன். குடத்தைக் கொண்டாங்க."

"உமக்கு என்னைக் கண்டாலே ஆகாதேய்யா?"

"இன்னைக்கு ஆகுது."

குடுக்குறேன்னா பூவராகருக்குக் கண்ணு தெரியாது. நெஞ்சோட அணைச்சிருந்த குடத்தை நீட்டுனாரு. மந்திரி ஒரு மரக்கால் கம்பைக் கொட்டுனாரு. கொட்டிட்டு, "அம்மா, அந்தச் சேவலைக் கீழ விடு"ன்னாரு.

சேவல் குடத்துக்கு அடியில போச்சு. இந்தப் பக்கம் பாத்துச்சு, அந்தப் பக்கம் பாத்துச்சு. தரையைக் கொத்துச்சு. ஒண்ணுமில்ல. கழுத்தை நீட்டி ராஜாவையே பாத்துச்சு.

"என்னய்யா அது, என்னைப் பாக்குது?"

"பசி, பிரபு"ன்னாரு மந்திரி. "புளியங்கொட்டை ஒழுகுன ஓட்டையில ஒரு கம்பு கூட ஒழுகலையே, என்ன நியாயம்னு கேக்குது."

சபையே குனிஞ்சு குடத்தோட அடியைப் பாத்துச்சு. நல்ல குடம், ஒரு கீறல் இல்ல. பூவராகர் குடத்தை முதுகுக்குப் பின்னால ஒளிக்கப் பாத்தாரு.

"வாங்குன வீட்டுக்கெல்லாம் இதே குடத்தைச் சுமந்துட்டுப் போய்த் திருப்பிக் குடும்"னாரு ராஜா. "முதல்ல என் மோதிரம்."

"முதல்ல இந்த அம்மாவோட விதை, பிரபு. மோதிரத்தை மழையில விதைக்கப் போறதில்லையே"ன்னாரு மந்திரி.

ராஜா சிரிச்சுட்டாரு. "சரி, நான் கடைசியா நிக்கிறேன்."

பூவராகர் தன் வீட்டுல சேத்து வெச்ச கம்பைக் கொண்டாந்து அளந்து போட்டாரு. இருளாயி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, சேவலை எடுத்துக்கிட்டா. திட்டலை.

"நான் உங்க குடத்துலதான்யா கொட்டை போட்டேன். கேட்டீங்க, மனசாரப் போட்டேன். அதை எப்படித் திருப்பித் தருவீங்க?"ன்னுட்டு, மழைக்கு முக்காடு போட்டு வேகமா நடந்தா.

பூவராகர் அப்பதான் நெசமாவே அழுதாரு. அதுக்கு யாரும் ஒரு காசு போடலை.

அந்த வருசம் கொன்றையூர்ல கம்பு நல்லா வெளைஞ்சுச்சு. சேவலுக்கும் வயிறு நிறைஞ்சுச்சு.