கவுன்சிலர் மூக்குக்கு ஏற்ற லென்ஸ்

கவுன்சிலர் தணிகாசலத்துக்குத் தேர்தல் போஸ்டருக்கு ஒரு படம் வேண்டும்; தன் வார்டு ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். மூக்கு சின்னதாக விழ வேண்டும்; கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது. சரியாக வராவிட்டால் ஸ்டூடியோவையே மூடிவிடுவேன் என்றார்.

"ஜூம் லென்ஸ்லயே எடு. அதுதான் ஒசத்தி" என்று உத்தரவும் போட்டார்.

அங்கே சம்பளத்துக்குப் படம் எடுப்பவள் பரிமளா. ஸ்டூடியோவோ தீப்பெட்டி மாதிரி. கிட்ட நின்று மூன்று படம் எடுத்தாள். மூன்றிலும் மூக்குதான் முதலில் வந்து நின்றது.

பரிமளா ஜூம் லென்ஸைக் கழற்றிவிட்டு, தூரத்திலிருந்து எடுக்கும் நீள லென்ஸை மாட்டினாள்.

"இதுல ஜூம் இல்லையே?"

"இல்லைங்க ஐயா. முழு முகமும் விழணும்னா நான்தான் பின்னால போகணும். தள்ளி நின்னு எடுத்தா மூக்கு அடங்கிடும்."

"அப்ப போம்மா!"

பின்னால் நடந்தவள் வாசற்படியில் நின்றுவிட்டாள். "இன்னும் நாலடி போகணுங்க ஐயா. ஆனா சாக்கடை திறந்து கிடக்கு."

அதை மூடச் சொல்லித் தெருக்காரர்கள் ஒன்றரை வருஷமாக மனுக் கொடுத்து வந்தார்கள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்லிவந்த தணிகாசலம் அன்று போனை எடுத்தார். சாயங்காலத்துக்குள் சிமெண்ட் சிலாப் வந்து இறங்கியது.

மறுநாள் காலை அதன்மேல் நின்று பரிமளா படம் எடுத்தாள். மூக்கு அளவாக, அடக்கமாக வந்திருந்தது.

கவுன்சிலருக்கு வாயெல்லாம் பல். "இன்னும் கொஞ்சம் சின்னதாக்க முடியுமாம்மா?"

"தாராளமா முடியும் ஐயா. இதைவிடப் பெரிய லென்ஸ் உள்ளே இருக்கு" என்ற பரிமளா தெருக்கோடியைக் காட்டினாள். "அதுக்கு அங்கே போய் நிக்கணும். ரோடுதான் குண்டும் குழியுமா கிடக்கு."